கோடை நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும்? ஒன்ராறியோவுக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

எங்கள் வீட்டுக் கட்டிலருகே ஒரு பழைய கடிகார வானொலி இருக்கிறது. 2007க்கு முன் வாங்கியது. கோடை நேரம் (வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் திருப்பி வைக்கும் வழக்கம்) தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் தானே அறிந்து தானே மாறும் என்று பெட்டியில் பெருமையாக எழுதியிருந்தார்கள். அதற்குத் தெரிந்த நாட்கள் ஏப்ரல் முதல் ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். பிறகு சட்டம் மாறியது, வானொலி மாறவில்லை. மார்ச்சில் நான் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவேன். ஏப்ரலில் அது தன் பங்குக்கு இன்னொரு மணி நேரம் தள்ளும், நான் இழுத்து விடுவேன். ஒக்ரோபரில் அது அவசரப்பட்டுப் பின்னே போகும், நான் முன்னே தள்ளுவேன். நவம்பரில் மறுபடியும் பின்னே. மற்றவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை செய்யும் வேலையை நான் நான்கு முறை செய்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எங்கள் ரொறன்ரோவில், மார்ச்சும் நவம்பரும் வந்தால் கேள்வி ஒன்றுதான்: இந்த நேரமாற்றத்தை நிறுத்தினால் என்ன? கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை. அங்கே பேச்சு தடுமாறும். கோடை நேரத்திலேயே நின்றுவிடலாம் என்பார் ஒருவர், குளிர்கால நேரம்தான் உண்மையான நேரம் என்பார் இன்னொருவர். மாற்றம் இருக்கட்டும், மாறும் நாட்களை மட்டும் திருத்தலாம் என்ற மூன்றாவது வழி பெரும்பாலும் யார் வாயிலும் வருவதில்லை. அந்த நாட்கள் ஒன்றும் வேதவாக்கு அல்ல. கடந்த அறுபது ஆண்டுகளில் அமெரிக்கா அவற்றைப் பலமுறை மாற்றியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல.

முதலாவது, காலை வெளிச்சம். பெரும்பாலான பிள்ளைகள் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வீதியில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் விடிந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு மிகப் பெரிய கேள்வி. உடம்பின் உள்கடிகாரத்தைத் திருத்தி வைப்பதும் காலை வெளிச்சமே.

இரண்டாவது, மாலை வெளிச்சம். வேலை முடிந்து வந்து பிள்ளையோடு பூங்காவுக்குப் போக நேரம் இருக்கிறதா? கடைக்காரருக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் இதுதான் முக்கியம்.

மூன்றாவது, மாறும் நாளின் அடி. மார்ச்சில் ஒரு மணி நேரத் தூக்கம் போகிறது. அமெரிக்காவில் அந்த வாரம் உயிர்ப்பலி வீதி விபத்துகள் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுவதாக 2020இல் வெளியான ஆய்வொன்று சொன்னது. மாரடைப்புக் கணக்கைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை 24 சதவீதம் கூடுகிறது என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மிச்சிகன் ஆய்வே, அந்த வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் எண்ணிக்கை கூடவில்லை என்றும் சொல்கிறது. முதல் பாதி மட்டும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான்காவது, அயலாரோடு ஒத்துப் போவது. ரொறன்ரோவின் பங்குச் சந்தை நியூயோர்க்கைப் பார்த்து நடக்கிறது. ஒட்டாவாவில் வேலை செய்பவர்கள் பலர் ஆற்றுக்கு அப்பால் கியூபெக்கில் குடியிருக்கிறார்கள்.

மின்சாரச் சேமிப்பு எங்கே என்று கேட்பீர்கள். அதை வேண்டுமென்றேதான் விட்டேன். 2007இல் அமெரிக்கா கோடை நேரத்தை நீட்டியபோது கிடைத்த மிச்சம், ஆண்டு மின்நுகர்வில் 0.03 சதவீதம் என்று அந்நாட்டு எரிசக்தித் துறையே 2008இல் அறிக்கை கொடுத்தது. இண்டியானா மாநிலம் முழுவதும் 2006இல் கோடை நேரத்துக்கு மாறியபோது வீட்டு மின்நுகர்வு 1 சதவீதம் அளவில் கூடியதாகப் பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. விளக்குச் செலவு குறைந்தது, குளிரூட்டிச் செலவு அதை விழுங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்காக ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் கோடை நேரத்தை முன்கூட்டியே தொடங்கியபோதும் மிச்சம் தென்படவில்லை. 1916இல் ஜெர்மனி போர்க்கால நிலக்கரியை மிச்சம் பிடிக்க இதைக் கொண்டுவந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய விளக்குகளுக்கு அது பொருந்தாது.

## சூரியனுக்குத் தெரியாத நவம்பர்

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு சின்னக் கணக்கு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அளவில் வருகிறது. கோடை நேரம் அதற்குப் பிறகு ஏறக்குறைய 80 நாட்கள் கழித்துத் தொடங்குகிறது. முடிவதோ அதற்கு வெறும் 47 நாட்கள் முன்னால். பகலின் நீளத்தை மட்டும் பார்த்தால் மார்ச் 10க்கு இணையான இலையுதிர்கால நாள் ஒக்ரோபர் 3. நாங்கள் அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரே மணியில் நிற்பதில்லை. மார்ச் தொடக்கத்தில் அது கடிகாரத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது, நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்துகிறது. ஆகவே இலையுதிர் காலத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு சலுகை இயற்கையாகவே கிடைக்கிறது. ரொறன்ரோவில் மார்ச் 10 காலை 7.36க்கு விடிகிறது. இலையுதிர் காலத்தில் விடியல் அதே மணிக்கு வருவது ஒக்ரோபர் 20 அளவில். அதுவரை நீட்டுவதற்குச் சூரியன் சம்மதம் கொடுக்கிறது. அதற்கப்பால் உள்ள இரண்டு வாரமும் மனிதன் சேர்த்தது.

சேர்த்தவர் யார்? 1967 முதல் அமெரிக்காவில் ஏப்ரல் கடைசி ஞாயிறு முதல் ஒக்ரோபர் கடைசி ஞாயிறு வரை இருந்தது. 1987 முதல் தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு வந்தது. கோல்ஃப் மைதானக்காரர்களும் இறைச்சி வாட்டும் அடுப்புக் கரி விற்பவர்களும் அதற்குப் பக்கபலம். 2005இல் வந்த எரிசக்திச் சட்டம், 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு என்று ஆக்கியது. ஒக்ரோபர் 31இல் வரும் ஹாலோவீன் இதனால் எந்த ஆண்டும் கோடை நேரத்துக்குள்தான் விழும். மிட்டாய்த் தொழிலுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. ஒன்ராறியோவும் அதே ஆண்டு பின்னாலேயே போனது, வேறு வழியில்லை என்று.

## முதல் வழி: இப்போதுள்ளபடியே, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை

இதன் பலம் மாலைதான். ஏறக்குறைய எட்டு மாதம் மாலை வெளிச்சம் நீளும். மார்ச் நடுவில் வேலை முடிந்து வரும்போது இன்னும் வெளிச்சம் இருப்பது, கனடாக் குளிரில் நான்கு மாதம் அடைந்து கிடந்தவருக்கு மருந்துபோல. அதை நான் மறுக்கவில்லை.

விலை இரண்டு முனையிலும் கட்டப்படுகிறது. மார்ச் தொடக்கத்தில் காலை 6.40க்கு விடிந்துகொண்டிருந்தது ஒரே இரவில் 7.40 அளவுக்குப் போகிறது. நவம்பர் மாற்றத்துக்கு முந்தைய நாட்களில் ரொறன்ரோவில் விடியல் 7.50ஐத் தாண்டிவிடும். மேற்கே போகப் போக இன்னும் மோசம். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அதே நேரவலயத்தில் உள்ள தண்டர் பேயில் எட்டரை மணிக்கும் இருட்டு. (உலகில் முதன்முதலாகக் கோடை நேரத்தைக் கடைப்பிடித்த ஊர் 1908இல் அங்கே இருந்த போர்ட் ஆர்தர் என்பது வேடிக்கை.)

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உண்டு. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரை மாறுவதில்லை. அதனால் மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும் ஒக்ரோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஐந்து மணி நேரம் அல்ல, நான்கு. லண்டன் சித்தியும் ரொறன்ரோ பெரியம்மாவும் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் சேர்ந்து வீடியோவில் பேசும் சனிக்கிழமை அந்த வாரங்களில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் பிசகும். இலங்கை, இந்தியா மாறுவதே இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிரில் பத்தரை.

இந்த வழி பொருந்துவது மாலையில் வாழ்பவர்களுக்கு: உணவகம், விளையாட்டுக் கழகம், காலையில் பிள்ளையை அனுப்ப வேண்டியில்லாத வீடு.

## இரண்டாவது வழி: மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி ஒக்ரோபர் கடைசி ஞாயிறு வரை

முதல் நாள் ஐரோப்பாவின் வழக்கம், அடுத்தது என் வானொலியின் வழக்கம். இலையுதிர் முடிவு இரண்டுக்கும் ஒன்றே. ரொறன்ரோவில் மார்ச் கடைசி ஞாயிறு மாறினால் விடியல் ஏழு மணியை ஒட்டி இருக்கும், ஏப்ரல் முதல் ஞாயிறு மாறினால் ஏழுக்கு முன்பே. மாறிய திங்கட்கிழமை காலையில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளை வெயிலில் நிற்கும். தூக்கம் ஒரு மணி நேரம் போகத்தான் செய்யும், ஆனால் உடம்பைத் திருத்திவிட வெளிச்சம் பக்கத்திலேயே இருக்கும். இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் மிச்சம்.

இழப்பது மார்ச் மாதத்தின் சில மாலைகளை. பனி முழுமையாகக் கரையாத மார்ச் மாலையில் ரொறன்ரோவில் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று யோசித்தால், அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய நாட்களையே எடுத்தால் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ மூன்றும் ஒரே ஞாயிறு மாறும் என்பது உபரி லாபம்.

மறைந்த செலவு: நியூயோர்க் கூட வராவிட்டால் இது நடவாது. ஒன்ராறியோ தனியாகச் செய்தால் மார்ச்சில் சில வாரம் பங்குச் சந்தையும் விமான அட்டவணையும் எல்லை தாண்டும் லொறிகளும் குழம்பும். 2007இல் நாட்கள் மாறியபோது கணினி நிரல்களை எல்லாம் திருத்தவேண்டி வந்தது. நாட்களைத் திரும்ப மாற்றினால் அதே வேலை மறுபடியும்.

## மூன்றாவது வழி: செப்டெம்பரோடு முடிப்பது

விந்தையாகத் தோன்றினாலும் இதுதான் மூல யோசனைக்கு நெருக்கமானது. 1907இல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் முன்வைத்த திட்டத்தில், ஏப்ரல் மாத ஞாயிறுகள் நான்கில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரம் முன்னே போகும், செப்டெம்பர் ஞாயிறுகள் நான்கில் அப்படியே திரும்பும். ஐரோப்பாக் கண்டத்தின் பல நாடுகள் 1995 வரை செப்டெம்பர் கடைசியில்தான் முடித்தன. ஒக்ரோபரில் முடிக்கும் பிரித்தானியாவோடு ஒத்துப்போக வேண்டி 1996இல் நீட்டினார்கள். அதாவது ஒக்ரோபர் நீட்சி ஓர் அரசியல் சமரசம்.

கடிகாரத்தை மாற்றும் வழிகளில் காலைக்கு இதைப் போல நல்லது வேறில்லை. ரொறன்ரோவில் விடியல் ஏழேகாலைத் தாண்டுமுன் கடிகாரம் திரும்பிவிடும். ஆனால் ஒக்ரோபர் தொடக்கத்திலேயே மாலை ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கும். மேப்பிள் இலை சிவக்கும் மாதத்தின் மாலையை, நன்றியறிதல் விடுமுறையின் மாலையை, மக்கள் விட்டுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறையில் அழகான விடை. வாக்குப்பெட்டியில் தோற்கும்.

## நான்காவது வழி: ஆண்டு முழுவதும் கோடை நேரம்

அதிகம் பேர் விரும்பிக் கேட்பது இதைத்தான், அதிகம் பரிசோதிக்கப்பட்டதும் இதுதான்.

அமெரிக்கா எண்ணெய் நெருக்கடியில் 1974 ஜனவரி 6 அன்று கோடை நேரத்துக்குப் போனது. 1975 ஏப்ரல் வரை அப்படியே இருப்பதாகத் திட்டம். ஜனவரி இருட்டில் பிள்ளைகள் டோர்ச் லைட்டோடு பள்ளிக்கூடம் போனார்கள், புளோரிடாவில் விடியுமுன் நடந்த விபத்துகளில் பிள்ளைகள் இறந்தார்கள். ஆதரித்த மக்களே சில வாரங்களில் மனம் மாறினார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரிலேயே கடிகாரம் பின்னே வந்துவிட்டது. பிரித்தானியா 1968 முதல் 1971 வரை செய்து பார்த்தது. நாடாளுமன்றம் 366க்கு 81 என்ற வாக்கில் அதை முடித்து வைத்தது. ரஷ்யா 2011இல் போய் 2014இல் திரும்பியது, அதுவும் நேர் எதிர்ப்பக்கமாக, நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு.

எங்களில் பலர் இதை நேரிலேயே கண்டவர்கள். இலங்கையில் 1996இல் மழை பொய்த்து மின்தட்டுப்பாடு வந்தபோது மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நின்றது. பகலின் நீளம் பெரிதாக மாறாத நாட்டில் அதனால் பெற்றது அதிகம் இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். "புது நேரமோ பழைய நேரமோ" என்று கேட்காமல் யாரும் கலியாண வீட்டுக்குப் புறப்படவில்லை. அந்தப் பத்தாண்டில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் எழுதுகிறவர் இன்றைக்கும் அதைக் கேட்டாக வேண்டும்.

ரொறன்ரோவுக்குக் கணக்குப் போடுவோம். நவம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி கடைசி வாரம் வரை விடியல் எட்டு மணிக்குப் பிறகு. டிசம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை எட்டரைக்கும் பிறகு. ஜனவரி முதல் வாரத்தில் 8.50. பதிலுக்குக் கிடைப்பது, டிசம்பரில் 4.40க்கு மறையும் சூரியன் 5.40க்கு மறைவது. ஐந்து மணிக்கு வேலை முடிபவருக்கு அது அரை மணி நேர வெளிச்சம்.

நேரமாற்றமே தொல்லை, குளிர்காலக் காலையில் வெளியே போகவேண்டியதும் இல்லை என்பவருக்கு இது சரி. இரவு வேலைக்காரருக்கும் ஒரு நிம்மதி: நவம்பரில் எட்டு மணி நேர வேலை ஒன்பதாக நீள்வதும், அந்த ஒரு மணிக்குச் சம்பளம் உண்டா என்று மேற்பார்வையாளரோடு வாதாடுவதும் இல்லாமல் போகும்.

## ஐந்தாவது வழி: ஆண்டு முழுவதும் குளிர்கால நேரம்

தூக்க மருத்துவர்களின் தேர்வு இது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2020இல் நிரந்தர நியம நேரத்தையே, அதாவது குளிர்கால நேரத்தையே, பரிந்துரைத்தது. குளிர்காலக் காலைக்கு ஆபத்தில்லை, மாறும் நாளும் இல்லை. கடிகாரத்தை ஆண்டு முழுவதும் தொடாமல் இருந்தாலும் வாழ்க்கை நடக்கும் என்பதற்குக் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணமே சாட்சி.

ஆனால் ஜூனில் ரொறன்ரோவில் காலை 4.36க்கு விடியும், மாலை 8.03க்கு மறையும். ஒன்பது மணி வரை பிள்ளைகள் விளையாடும் கோடை இரவை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும் நான்கரை மணிக்கு மாற்றிக் கொடுக்கிறோம். விடியலில் எழும்பிச் சந்தியாவந்தனம் செய்பவர் மகிழலாம். மற்றவர்கள் தடித்த திரைச்சீலை வாங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

நேரங்கள் எல்லாம் ரொறன்ரோவுக்கு, சில நிமிடம் முன்பின் இருக்கலாம்.

| வழி | வசந்தத்தில் மாறிய அன்று விடியல் | இலையுதிரில் மாறுமுன் விடியல் | மிகப் பிந்திய குளிர்கால விடியல் | ஜூன் சூரிய மறைவு |
|---|---|---|---|---|
| இப்போதுள்ளது | 7.30 – 7.40 | 7.50 – 8.00 | 7.50 | 9.03 |
| மார்ச் கடைசி – ஒக்ரோபர் கடைசி | 7.00 – 7.10 | 7.40 – 7.50 | 7.50 | 9.03 |
| மார்ச் கடைசி – செப்டெம்பர் கடைசி | 7.00 – 7.10 | 7.05 – 7.15 | 7.50 | 9.03 |
| நிரந்தரக் கோடை நேரம் | மாற்றமில்லை | மாற்றமில்லை | 8.50 | 9.03 |
| நிரந்தரக் குளிர்கால நேரம் | மாற்றமில்லை | மாற்றமில்லை | 7.50 | 8.03 |

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, எந்த வழி வந்தாலும். நாட்காட்டியில் ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை என்று இருப்பது ஆறு மணிக்கு விடியும் நாளுக்கான கணக்கு. மார்ச் 10 அளவில் ரொறன்ரோவில் பகலை எட்டாகப் பிரித்தால் அதே ராகு காலம் மாலை 5.48 முதல் 7.15 வரை வரும். ஊரிலிருந்து வந்த தாள் நாட்காட்டியை நம்பி நல்ல நேரம் பார்த்தவர்கள் நேரே ராகுவுக்குள்தான் போய் விழுந்திருப்பார்கள்.

## என் தேர்வு

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீடு, அல்லது ஒன்ராறியோவின் மேற்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்றால் நான்காவது வழிக்கு மட்டும் கை தூக்காதீர்கள். தூக்கமும் உடல்நலமும்தான் முதல் என்றால் ஐந்தாவது. கோடை இரவும் வேண்டும், குளிர்காலக் காலையும் வேண்டும் என்றால் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தைத் தொடத்தான் வேண்டும். அப்போது இரண்டாவது வழியே குறைந்த செலவு, அதிலும் ஐரோப்பிய நாட்கள். இன்றைய நாட்களின் இரு ஓரத்தையும், மார்ச் பக்கம் இரண்டு மூன்று வாரம், ஒக்ரோபர் பக்கம் ஒரு வாரம் என்று கத்தரித்தால், நேரமாற்றத்தின் மேல் வரும் புகாரில் கணிசமானது அந்தத் துண்டுகளோடு போய்விடும் என்பது என் எண்ணம்.

ஒன்ராறியோ சட்டசபை 2020இல் நிறைவேற்றி வைத்திருப்பது என்னவோ நான்காவது வழியை. நியூயோர்க்கும் கியூபெக்கும் வந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு மாநிலம் அரிசோனாவைப் போல ஆண்டு முழுவதும் நியம நேரத்தில் தானாகவே நிற்கலாம். ஆண்டு முழுவதும் கோடை நேரத்தில் நிற்க வொஷிங்டனின் அனுமதி வேண்டும். 2022 மார்ச்சில் செனட் சபை அதற்கான மசோதாவை ஏகமனதாக நிறைவேற்றியது, கீழவை அதைத் தொடவே இல்லை. ஒன்ராறியோ காத்திருக்கும் நியூயோர்க், தான் விரும்பினாலும் தனியாக அந்தப் பக்கம் போக முடியாது.

ஐரோப்பாவிலும் 2019இல் நாடாளுமன்றம் 2021உடன் நேரமாற்றத்தை முடிக்க 410க்கு 192 என்று வாக்களித்தது. கோடையா குளிரா என்பதில் உறுப்பு நாடுகள் உடன்படவில்லை, அங்கே இன்னும் மார்ச் கடைசி ஞாயிறு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.